விதைக்கு விட்ட பரங்கிக்காய்

காட்டுக் குளத்தின் கரையில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். அவளுடைய வளைக்குப் பக்கத்திலேயே ஒரு பரங்கிக்கொடி படர்ந்திருந்தது. கொடியில் ஒரே ஒரு காய்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. குளம் வற்றிச் சேறாகிவிட்டது. காட்டில் இருந்த மற்றக் கொடிகள் எல்லாம் கருகிப் போயின. சேற்றின் ஈரத்தில் இந்த ஒரு கொடி மட்டும் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. வயிறு ஒட்டிப்போன மிருகங்கள் எல்லாம் கூடிப் பேசின.

"இதை யாரும் தொடக்கூடாது! விதைக்கு விட்டுடுவோம்! மழை பெஞ்சதும் விதைச்சா காடு பூரா பரங்கிக்காய்தான்!"

காவலுக்கு யார்? முள்ளாயிதான். அவள் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றால் கரடிகூட நாலடி தள்ளித்தான் நிற்கும்.

முள்ளாயி நல்லவள். அதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. 'முள்ளாயி வீட்டுக்குப் போனவன் வெறும் வயிற்றோடு திரும்பமாட்டான்' என்று காடே பேசும். அந்தப் பேச்சைக் கேட்டால் போதும், அவளுக்குச் சோறே வேண்டாம்.

பக்கத்துப் புதரில் நாச்சி என்ற முயல் குடியிருந்தாள். அவளுக்கு மூன்று குட்டிகள். கடைக்குட்டியின் பெயர் பொடியன். முள்ளாயியை அவன் "பெரியம்மா, பெரியம்மா" என்று சுற்றிச் சுற்றி வருவான். ஒருநாள் நாச்சி குட்டிகளோடு வந்து நின்றாள்.

"யக்கா, மலைக்கு அந்தப் பக்கம் கிழங்கு கிடைக்குதாம். இதுகளையும் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். காயைப் பத்திரமா பாத்துக்கக்கா! அதைப் பாத்துப் பாத்துத்தான் இதுக பசியைப் பொறுத்துட்டு இருக்குதுங்க."

"போடி பைத்தியக்காரி! என்னை மீறி ஒரு எறும்பு அதைத் தொட்டுடுமா?"

நாச்சி சிரித்துக்கொண்டே போனாள்.

அன்று பிற்பகல் வானத்திலிருந்து ஒரு வண்ணக்குவியல் வந்து மரத்தில் இறங்கியது. சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக ஒரு பெரிய பஞ்சவர்ணக்கிளி! முள்ளாயி அப்படி ஒரு பறவையைக் கண்டதே இல்லை.

"வாங்க, வாங்க! எந்த ஊருங்க?"

"எம் பேரு ரொசீத்தா. சொந்த ஊரு மெக்சிகோ. கப்பல்ல கூண்டோட கொண்டாந்து இங்க ஒரு பங்களாவுல வித்துட்டாங்க. கூண்டுக் கதவு திறந்திருந்த நேரம் பாத்துத் தப்பிச்சு வந்துட்டேன். ராத்திரி மட்டும் இந்த மரத்துல தங்கிட்டுப் போறேனே?"

"இதென்ன கேள்வி! உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க!"

ரொசீத்தா கீழே பார்த்தாள். கொடியையும் காயையும் பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது.

"இது எங்க ஊருக் காய்தாங்க! எங்க அம்மா இதுக்குள்ள மக்காச்சோளமும் பயறும் மிளகாயும் அடைச்சு, நெருப்புல சுட்டு எடுப்பாங்க. மூடியைத் திறந்தா ஆவி வரும் பாருங்க, அந்த வாசனை! இந்த ஜென்மத்துல இனிமே அது எங்கே?"

அவ்வளவுதான் சொன்னாள். வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஊர் நினைப்பில் ஒருத்தி புலம்பினாள், அவ்வளவே. ஆனால் முள்ளாயியின் காதில் அது கேள்வியாகத்தான் விழுந்தது. கடல் தாண்டி வந்த விருந்தாளி! காய் கண்ணெதிரே தொங்குகிறது! 'அது எனக்குச் சொந்தமில்லை அம்மா, எல்லோருக்கும் பொது, விதைக்கு விட்டிருக்கிறோம்' என்று சொன்னால் அவள் என்ன நினைப்பாள்? ஒரு காய்க்குக்கூட வக்கில்லாத காடு என்று நாளைக்கு ஊர் ஊராகச் சொல்லமாட்டாளா?

"இதுக்கா கண் கலங்கறீங்க? இப்பவே செஞ்சுடலாம்! எப்படின்னு மட்டும் சொல்லுங்க!" என்றாள் முள்ளாயி.

காம்பைக் கடிக்கும்போது அவளுக்குப் பல் கூசியது. இருந்தாலும் கடித்துவிட்டாள்.

மூன்று கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். காயின் தலையை மூடிபோல வட்டமாக அறுத்து எடுத்தாள். ரொசீத்தா கிளையில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, முள்ளாயி வளைக்குள் ஓடி ஓடி எடுத்து வந்தாள். வண்டு துளைத்த ஒரு சோளக்கதிர். ஒரு கைப்பிடிக் காராமணி. வதங்கிப்போன காந்தாரி மிளகாய். தக்காளிக்குப் பதிலாகக் கொஞ்சம் மணத்தக்காளி. பஞ்ச காலத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த அத்தனையும் வெளியே வந்தன.

உள்ளே இருந்த நாரையும் விதையையும் வழித்து எடுத்தாள். விதைகள் வெள்ளை வெளேர் என்று நன்றாக முற்றியிருந்தன.

"அதைத் தூக்கிப் போட்டுடாதீங்க!" என்று மேலிருந்து ரொசீத்தா கத்தினாள். "வறுத்து இடிச்சு மேலாகத் தூவணும். எங்க ஊர்ல நல்ல விதையா பொறுக்கி விதைப்புக்கு எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தைத்தான் வறுப்பாங்க. நீங்க விதைக்கு வெச்சிருப்பீங்கதானே?"

முள்ளாயி கையிலிருந்த விதையைப் பார்த்தாள்.

"அதெல்லாம் நிறைய இருக்கு!" என்றாள்.

ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ரொசீத்தா பார்க்காத நேரத்தில் ஒரு பிடி விதையை எடுத்துத் தேக்கிலைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். இது போதும், மழை வந்தால் இதைப் போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் ஒரு குறையும் வராது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

வேகவைத்த சோளத்தையும் பயறையும் மிளகாயோடு பிசைந்து காய்க்குள் அடைத்தாள். மூடியை வைத்து, இலையில் சுற்றி, தணலில் புதைத்தாள். பக்கத்தில் ஓர் உடைந்த பானை ஓட்டில் விதைகள் படபடவென்று பொரிந்தன.

பொழுது சாய்ந்தது. மூடியைத் திறந்தாள். ஆவி குபுக்கென்று எழுந்தது. காரமும் இனிப்பும் புகையும் கலந்த அப்படி ஒரு மணம் அந்தக் காட்டில் அதுவரை வீசியதே இல்லை! ரொசீத்தா ஒரு வாய் தின்றாள். பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

"எங்க அம்மா செஞ்ச மாதிரியே இருக்குங்க!"

முள்ளாயிக்குத் தலைகால் புரியவில்லை. காடு முழுக்கத் தன் பேர் ஒலிப்பதுபோல இருந்தது.

"இன்னும் கொஞ்சம் விதை இருந்தா தூவுங்களேன்! அதுலதான் ருசியே!" என்றாள் ரொசீத்தா.

முள்ளாயி திரும்பித் தேக்கிலையைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். 'இனிமேல் இல்லை அம்மா' என்றால் ரொசீத்தா சரி என்று விட்டிருப்பாள். அவள் அப்படி ஒன்றும் பேராசைக்காரி இல்லை. ஆனால் நிறைய இருக்கிறது என்று சற்றுமுன் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது? முள்ளாயி இலையைத் தூக்கினாள். அந்த ஒரு பிடியும் ஓட்டில் விழுந்தது.

காலையில் ரொசீத்தா கிளம்பினாள்.

"உங்களை மறக்கமாட்டேன்! உண்மையைச் சொல்லட்டுமா? நேத்து வரும்போதே கடற்கரைப் பக்கம் ஆலம்பழம் தின்னு வயிறு நிறைஞ்சுதான் வந்தேன். ஏதோ ஊர் ஞாபகத்துல உளறிட்டேன். அதுக்குப் போய் இவ்வளவு பண்ணிட்டீங்களே!"

சிறகடித்துப் பறந்து போனாள். முள்ளாயி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே நாச்சி திரும்பி வந்தாள். கிழங்கு கிடைக்கவில்லை. குட்டிகள் நடக்க முடியாமல் நடந்து வந்தன. நாச்சி கொடியைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். பாதி தின்ற காய் இலையில் இருந்தது.

"விருந்து வந்துச்சாக்கா?"

"ஆமாம்."

"விதை?"

முள்ளாயி விதை வறுத்த ஓட்டைக் கவிழ்த்துக் காட்டினாள்.

மிச்சமிருந்த காயை எடுத்துக் குட்டிகள் முன்னால் வைத்தாள். அவை விழுந்து விழுந்து தின்றன. "நல்லாயிருக்கு பெரியம்மா! நாளைக்கும் செய்வீங்களா?" என்று கேட்டான் பொடியன்.

சேதி பரவியது. எல்லாரும் கூடிவிட்டார்கள். "வேலியே பயிரை மேஞ்சுடுச்சே! இனி யாரை நம்பறது?" என்று கரடி கத்தியது. ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னார்கள். நாச்சி மட்டும் குறுக்கே வந்து நின்றாள்.

"விடுங்க! வந்தவங்களுக்குத்தானே குடுத்தாங்க? தானே தின்னுடலையே!"

கரடியின் ஏச்சையெல்லாம் முள்ளாயி தாங்கிக்கொண்டாள். நாச்சியின் அந்தப் பரிவைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த சில நாளில் வானம் கறுத்தது. மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஏங்கிக் காத்திருந்த மழை! மண் குழைந்து விதைக்குத் தயாராகக் கிடந்தது. போடுவதற்குத்தான் விதை இல்லை.

"மலையடிவாரத்துத் தோட்டத்துல பரங்கி போட்டிருக்காங்க. நான் போய் நாலு விதை எடுத்தாரேன்" என்றாள் நாச்சி.

"வேண்டாம்டி, அங்க மனுஷங்க இருக்காங்க! தப்பு என்னோடது. நான் போறேன்!"

"நீ ஆடி அசைஞ்சு போறதுக்குள்ள ஈரம் காஞ்சுடும்க்கா. நான் நாலு தாவுல போய் வந்துடுவேன். இதுகளை மட்டும் பாத்துக்க."

மழைக்குள் அவள் ஓடி மறைந்தாள். முள்ளாயி குட்டிகளைத் தன் வளை வாசலில் உட்கார வைத்துக்கொண்டாள். மறுநாள் நாச்சி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. குட்டிகள் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தன.

கடைசியில் ஒரு காகம் நனைந்துகொண்டே வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. முள்ளாயியைத் தனியே கூப்பிட்டது.

"தோட்டத்தைச் சுத்தி வலை கட்டியிருந்தாங்க முள்ளாயி. நாச்சி இனிமே வரமாட்டா."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். வலையில மாட்டினப்பகூட அவ வாயைத் திறந்து கத்தலை. வாய் நிறைய விதை வெச்சிருந்தா."

காகம் பறந்து போய்விட்டது. முள்ளாயிக்குக் கண்ணீர்கூட வரவில்லை. ஒரு வாய் புகழுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. அந்த விலையையும் அவளா கொடுத்தாள்? நாச்சி அல்லவா கொடுத்தாள்!

வளை வாசலுக்குத் திரும்பி வந்தாள். மழைச்சாரலில் குட்டிகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பெரியம்மா, அம்மா வந்துட்டாங்களா?" என்று கேட்டான் பொடியன்.

முள்ளாயி அவன் முகத்தைப் பார்த்தாள். பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"இல்லடா கண்ணு. இனிமே வரமாட்டாங்க."

பொடியன் வீறிட்டு அழுதுகொண்டே ஓடிவந்து அவள்மேல் சாய்ந்தான். முள் குத்தியது. 'அம்மா' என்று அலறி விலகிப் போனான். மறுபடியும் வந்தான். மறுபடியும் குத்தியது. முள்ளாயி முள்ளையெல்லாம் முடிந்தவரை படியவிட்டு, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் மண்ணில் படுத்தாள். தாயில்லாத மூன்று குட்டிகளும் அவளைத் தொடாமல், அவள் சூடு மட்டும் படும் தூரத்தில் சுருண்டு படுத்து அழுதன.

கையில் இல்லாததை 'இல்லை' என்று சொல்ல வெட்கப்பட்டு, பிறர் நம்பி ஒப்படைத்ததை எடுத்து விருந்து வைப்பவர், அடுத்தவர் வீட்டு அடுப்பை அணைத்துத்தான் தன் வீட்டில் உலை வைக்கிறார்.