தவசிமுத்துவின் நான்காவது விண்ணப்பம்

அரசு ஊழியர் சொந்தக் காசில் கடல் தாண்டுவதற்கும் அனுமதி வாங்கியாக வேண்டும். மலேசியாவில் தங்கைக்குக் கல்யாணம் என்று அலுவலக உதவியாளர் தவசிமுத்து விண்ணப்பித்தார். நகல் ஒன்று குறைகிறதென்று மேலாளர் ஞானசிகாமணி திருப்பிவிட்டார். கல்யாணம் முடிந்துபோக, வளைகாப்புக்கு எழுதினார். முத்திரை சரியில்லையாம். அதுவும் முடிந்துபோக, குழந்தைக்குக் காதுகுத்த தாய்மாமன் மடி வேண்டுமென்று எழுதினார்.

"என்னய்யா இது, தடவைக்கொரு காரணம்! ஃபைல் முடியறவரைக்கும் மாறாத காரணமா ஒண்ணு எழுதிட்டு வா!" என்று எல்லோர் முன்னாலும் எரிந்து விழுந்தார் மேலாளர்.

தவசிமுத்து அங்கேயே எழுதி நீட்டினார்: "தங்கை மகள் கல்யாணம்."

"பொண்ணுக்கு என்ன வயசு?"

"நாலு மாசம் சார். இந்தத் தடவையாவது உங்களுக்கு அவகாசம் போதுங்களா?"

அறையே சிரித்தது. காதுகுத்து விண்ணப்பத்தில் அன்றைக்கே கையெழுத்து விழுந்தது.