சம்பந்தியம்மாளுக்கு ஆறு நன்றி

வாணியம்பாடியில் நிலோபர் என்றொரு பெண் இருந்தாள். சீனாவில் டாக்டருக்குப் படித்துவிட்டுத் திரும்பியவள். வயது இருபத்தேழு. அவளிடம் சீனம் கற்க வந்த ஒரே சீடர், பஸ் டிப்போ மெக்கானிக் தணிகாசலம். வயது ஐம்பத்தாறு.

தணிகாசலத்தின் மகள் தாயில்லாப் பெண். சீனப் பையனைக் கட்டிக்கொண்டு சீனாவிலேயே இருந்தாள். அந்தக் கல்யாணத்துக்குச் சொந்தம் ஒன்றுகூட வரவில்லை. இவர் ஒற்றை ஆளாக நின்று நடத்திவைத்தார்.

"இந்த வயசுல சீனமா? மொதல்ல லீவ் லெட்டரை இங்கிலீஷ்ல எழுது" என்று டிப்போவே சிரித்தது. அவர் மறுநாளே பாடத்துக்கு வந்துவிட்டார்.

நிலோபர் புத்தகம் தரவில்லை. செல்போனில் குட்டிக் குட்டி வீடியோக்களைக் காட்டினாள். சீனத்துச் சமையலறை, காய்கறிச் சந்தை, டவுன் பஸ். "இவங்க பேசற மாதிரி பேசுங்க அங்கிள்" என்றாள்.

மகளுக்குக் குழந்தை பிறந்தது. பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது சம்பந்தியம்மாள். அடுத்த ஞாயிறு காலை தணிகாசலம் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"சம்பந்தியம்மா கோபமா இருக்காங்களாம் டீச்சர். நான் அவங்களை எட்ட நிறுத்தறேனாம். இந்தக் கல்யாணம் எனக்குப் பிடிக்கலையாம். எனக்கு!"

"நேத்து அவங்ககிட்ட என்ன பேசினீங்க?"

"சியே சியே. நன்றி, நன்றின்னு ஆறு தடவை."

"வேற?"

"வேற பேசினா தப்பு வரும். என் பொண்ணுக்குத்தான் தலைகுனிவு. நன்றியில தப்பே வராது."

நிலோபர் ஒரு வீடியோவை ஓடவிட்டாள். அவர் நாற்பது முறை பார்த்ததுதான். அதில் ஒரு மருமகள் கஞ்சிக் கிண்ணத்தை வைக்கிறாள். மாமனார் உப்பு அதிகம் என்கிறார். அவள் ஏதோ முணுமுணுக்கிறாள். அவர் இன்னொரு கிண்ணம் கேட்கிறார்.

"இதுல நன்றி எத்தனை தடவை வருது?"

"வரலை. ஆனா அது அவங்க வீடு டீச்சர். நான் வெளியாள்."

அதற்குள் நிலோபரின் அம்மா டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்ணுதானா?" என்றார் தணிகாசலம்.

"போன வாரம்தானே பிரஷர்னு சொன்னீங்க அண்ணே? ஒண்ணு போதும்."

அவர் டீயை ஊதிக் குடித்தார். நிலோபர் கேட்டாள்: "எங்க அம்மாவுக்கு நன்றி சொல்லலையே அங்கிள்?"

"இவங்களுக்குப் போய் யாராவது..."

தணிகாசலம் டம்ளரைக் கீழே வைத்தார். இத்தனை நாள் தான் பயந்தது தப்புக்கா, சம்பந்தியம்மாளுக்கா என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்ப என்ன சொல்லட்டும்?"

"குறை சொல்லுங்க."

அவர் போன் போட்டார். திரையில் சம்பந்தியம்மாள் வந்தாள், தோளில் குழந்தையோடு. நன்றி என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"கண்ணு ஏன் இப்படிக் குழி விழுந்திருக்கு? தூங்கறதே இல்லையா? குழந்தையை மாப்பிள்ளைகிட்ட கொடுத்துட்டுப் போய்ப் படுங்க" என்று ஓட்டைச் சீனத்தில் அதட்டினார்.

சம்பந்தியம்மாளின் குரல் உயர்ந்தது. விரலை நீட்டி நீட்டி, மூச்சு விடாமல் பேசினாள். தணிகாசலத்துக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அவளுக்குப் பின்னால் மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்ன டீச்சர் சொல்றாங்க?"

"திட்டறாங்க அங்கிள். நீங்க மட்டும் ஒழுங்கான்னு. பிரஷரை வச்சுக்கிட்டு எண்ணெய்ப் பலகாரம் திங்கறீங்கன்னு உங்க பொண்ணு சொன்னாளாம், உங்களை யார் பார்க்கறதுன்னு."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"விடாதீங்க. எதிர்த்துப் பேசுங்க."