பென்சில் வட்டம்

"அவன்தான் கொன்னான், கேப்டன். கண்ட்ரோல் ரூம்ல ஏசியில உட்கார்ந்துகிட்டே ஷிஃபானாவைக் கொன்னுட்டான். அவனை அவ வாப்பா முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணும்."

எட்வின் பையைக் கீழே போட்டான். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தான்.

பதினெட்டு வருடம் விமானம் ஓட்டியவன். மேகத்துக்குள் மலையில் மோதி நாற்பது நாள் ஆகிறது. துணை விமானி ஷிஃபானா இல்லை. இவன் இருக்கிறான்.

அவனுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த செங்கோடன் கம்பெனி அலுவலக ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னான்?"

"நேரா வா, நாலாயிரம் அடிக்கு இறங்குன்னான்."

"நீ?"

"நாலாயிரம்னு திருப்பிச் சொன்னேன். இறங்கினேன்."

"மலை எவ்வளவு உயரம்?"

"நாலாயிரத்து எழுநூறு."

"அது எப்பத் தெரிஞ்சுது?"

எட்வினுக்குச் சுர்ரென்று ஏறியது.

"வெளியில எல்லாம் ஒரே வெள்ளை, கேப்டன். சொல்றவனைத்தானே நம்பணும்?"

"அவனும் விமானத்துல இருந்தானா?"



"சரி, பாதி என் தப்புன்னே வெச்சுக்குங்க."

"மலை பாதி வழி விட்டுச்சா?"

"முக்கால். முக்கால் என்மேல. காலாவது அவன்மேல…"

"கத்தரிக்காய் வாங்கவாடா வந்த?"

எட்வின் தலைகுனிந்தான்.

"விசாரணைக்காரங்க திருப்பிக் கொடுத்த பைதானே அது? மேப்பை எடு."

எடுத்தான். மடித்தது மடித்தபடி இருந்தது.

"விரி."

சேறு காய்ந்து ஒட்டியிருந்த தாள் சரசரத்துப் பிரிந்தது. மலைக்குப் பக்கத்தில் 4700 என்று அச்சாகியிருந்தது. எண்ணைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்.

"நீ போட்டதா?"

"இல்ல."

செங்கோடன் காத்திருந்தார்.

"இறங்கறப்ப சொன்னா," என்றான் எட்வின். "சார், மேப்பை ஒரு தடவை பார்த்துடுவோமான்னு."

"நீ என்ன சொன்ன?"

"கண்ட்ரோலே சொல்லியாச்சு, உனக்கென்ன வந்துச்சுன்னு…"



செங்கோடன் எழுந்தார். ஊன்றுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

"அவ வாப்பா பக்கத்து ரூம்ல உட்கார்ந்திருக்கார். மகளோட சாமானை வாங்கிட்டுப் போக வந்தவர். காலையிலேருந்து ஒரே கேள்வி. யார் செஞ்சதுன்னு."

கதவைத் திறந்துவிட்டு எட்வினின் நெஞ்சை விரலால் தொட்டார்.

"அவனைக் கூட்டிட்டுப் போ. அவர் முன்னாடி நிறுத்து. இப்பவாவது வாயைத் திறந்து சொல்லச் சொல்."