முச்சந்தியை அகலமாக்க வந்த நரி

காட்டின் மூன்று பாதைகள் ஒரு குளத்தருகே கூடின. கோடையில் எல்லா மந்தைகளும் தண்ணீருக்கு அங்கேதான் வரும். யானைகளும் காட்டெருமைகளும் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வது அன்றாட வழக்கமாயிற்று.

"முச்சந்தியை அகலமாக்கினால் நெரிசல் தீரும்!" என்றது நரி. "பக்கத்துப் பொட்டலைக் கல் கொட்டி மூடிவிடலாம். அங்கே ஓர் உயிரும் இல்லை."

யானைக் கூட்டத்தின் தலைவி தலையசைத்தாள். கற்கள் வந்து குவிந்தன.

பொட்டலிலிருந்து ஓர் ஆட்காட்டிக் குருவி கத்திக்கொண்டு பறந்து வந்தது. "உயிர் இல்லையா? அந்தத் தரையில் என் முட்டைகள் இருக்கின்றன! அடியில் தவளைகள் மழைக்காகக் காத்துக் கிடக்கின்றன! அது பொட்டலல்ல, சதுப்பு. மேலே காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்!"

"உன் முட்டைகளுக்காகக் காட்டின் முன்னேற்றம் நிற்க வேண்டுமா?" நரி இளித்தது. "நானே ஆராய்ந்துவிட்டேன்."

"எங்கிருந்து ஆராய்ந்தீர்கள், நரியாரே?"

"பாறைமேல் நின்று."

"அப்படியா! தாங்கள் உறங்கும்போது நானும் பாறைமேல் நின்று பார்த்து, நரி செத்துவிட்டது என்று காடெங்கும் அறிவிக்கலாமா?"

காட்டெருமைகள் வாய்விட்டுச் சிரித்தன. தலைவி சிரிக்கவில்லை. "கற்கள் வந்துவிட்டன, பெண்ணே. நாளைக் காலை கொட்டத் தொடங்குவோம்."

ஆட்காட்டி அதற்குமேல் வாதாடவில்லை. பகைவன் முட்டைகளை நெருங்கினால் அதன் இனம் எதைச் செய்யுமோ அதைச் செய்தது. ஒரு சிறகைத் தொங்கவிட்டு, அடிபட்டதுபோல் நொண்டி நொண்டி, முட்டைகள் இல்லாத பக்கமாகப் பொட்டலுக்குள் நடந்தது.

நரிக்கு வாயூறியது. முன்னேற்றத்தை மறந்து பாய்ந்தது!

காய்ந்த மேல்தரை அப்பளம்போல் நொறுங்கியது. நரி கழுத்துவரை சேற்றில் புதைந்தது. ஆட்காட்டி இரு சிறகுகளையும் விரித்து மேலெழுந்தது.

"காப்பாற்றுங்கள்!" என்று அலறியது நரி.

"கத்தாதே! தூங்கவிட மாட்டாயா?" சேற்றுக்குள்ளிருந்து ஒரு தவளை அதட்டியது.

தலைவி தும்பிக்கையை நீட்டி நரியை இழுத்துப் போட்டாள். அது கிடந்த குழியில் தண்ணீர் ஊறி நிறைந்தது. அவள் குழியைப் பார்த்தாள். பிறகு குளத்தைப் பார்த்தாள்.

"கோடையிலும் நம் குளம் வற்றாதது இதனால்தானா? இதையா மூடப் போனோம்! இதன்மேலா என் கன்றுகளை நடத்தப் போனேன்!"

"நெரிசலுக்கு என்ன வழி?" என்று கேட்டது ஒரு காட்டெருமை.

"குடித்துத் திரும்புவோர் கடக்கும்வரை வருவோர் நில்லுங்கள்," என்றது ஆட்காட்டி. "அதற்குக் கல் வேண்டாம், கொஞ்சம் பொறுமை போதும்."

யானைகள் கற்களைத் திரும்பச் சுமந்தன. முதல் மழையில் தவளைகளின் இரைச்சலுக்கு நடுவே ஆட்காட்டிக் குஞ்சுகள் ஓடித் திரிந்தன. முச்சந்தியில் எருமைகள் முணுமுணுத்தபடியே யானைகளுக்காகக் காத்து நின்றன.

ஒரு நிலத்தில் கால் வைத்துப் பாராதவர் அதன் தலைவிதியை முடிவு செய்யக் கூடாது. அங்கே வாழ்வோரைக் கேட்ட பின்பே கல்லைத் தூக்க வேண்டும்.