கடல் கரியைத் தொடாத காரணம்

கடலுக்கும் காற்றுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், கடல் தின்னாத பொருளே கிடையாது. உப்பைப் போட்டாலும் கரைக்கும், சாம்பலைப் போட்டாலும் கரைக்கும். கரி மட்டும் கொஞ்சம் கடினம். பல் போனவர் முறுக்கை ஊறவைத்துத் தின்பது போல, அதைச் சேற்றில் பல வருஷம் ஊறப்போட்டு மெல்ல மெல்லக் கரைக்கும். ஆனாலும் கரைத்துவிடும். அதனால் கரையில் இருந்த மனிதர்களுக்கு ஒரு தைரியம். எந்தத் தப்பு செய்தாலும் அதன் மிச்சத்தைக் கடலில் கரைத்துவிட்டால் போதும், அதோடு முடிந்தது என்று இருந்தார்கள்.

ஆறு கடலில் சேரும் இடத்தில் ஓர் ஊர். ஊரை ஒட்டி அலையாத்திக் காடு. அந்தக் காட்டு வேர்களுக்கு நடுவில்தான் மீனும் இறாலும் வளர்ந்தன. சிப்பியைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுக்கும் சுடலையாண்டி அந்த ஊரில் பெரிய ஆள். அவருடைய காளவாய்க்கு விறகு போட்டு மாளாது. பச்சை மரத்தை வெட்டிக் காயவைக்கப் பொறுமையும் இல்லை. ஒவ்வொரு கோடையிலும் காட்டின் கடலோர மூலையில் தீ வைப்பார். கருகி நிற்கும் மரத்தை அப்படியே வெட்டி வந்துவிடலாம் அல்லவா? புகையைப் பார்த்தவர்கள் காளவாய்ப் புகை என்று நினைத்துக்கொண்டார்கள். மிஞ்சிய கரியைக் காளவாய்க் குப்பையோடு வாரிக் கடலில் கொட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவார். நல்ல பசி எடுக்குமாம்.

ஒரு கோடையில் காற்று திசை மாறியது. மூலையில் வைத்த தீ காடு முழுவதையும் தின்றுவிட்டது. நாரைகளுக்குக் கூடு போயிற்று, இறாலுக்கு வீடு போயிற்று. மனிதர்களும் மற்ற உயிர்களும் மணலில் கூடினார்கள். கரையும் கடலும் இரண்டும் சொந்தம் என்பதால் ஆமையை நடுவராக வைத்தார்கள். தீ வைத்தது யாரோ, அவர் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று முடிவாயிற்று.

சுடலையாண்டி முந்திக்கொண்டார். "இந்தா நிக்காளே முத்துவடிவு, இவ அடுப்புப் பொறிதான் காட்டைத் தின்னுச்சு. ராப்பகலா மீனைப் புகை போட்டு வாட்டுறவ இவதானே?"

முத்துவடிவு அந்தத் தையில்தான் அங்கே வாழ வந்தவள். கணவன் தோணியேறித் தூரதேசம் போயிருந்தான். அவள் வயிற்றில் பிள்ளை. ஊரைவிட்டுத் துரத்தினால் ஒண்டுவதற்கு ஓர் இடமில்லை. அவளுக்குப் பயம்தான். ஆனாலும் ஆமைக்கு முன்னால் வந்து நின்று கேட்டாள்.

"அண்ணாச்சி, எங்க அடுப்பு ஊருக்கு அந்தப் பக்கம். தீ பிடிச்சது கடலோரம். பொறி என்ன, நடந்தா போச்சு?"

"வாய் பாரு! ஊர்க்காரங்களே, இவ வாரதுக்கு முந்தி இந்தக் காட்டுல ஒரு குச்சி எரிஞ்சிருக்கா? இவ வந்ததும் காடு போச்சு."

ஆமை காற்றைக் கேட்டது. "நான் ஒரு இடத்துல நின்னாத்தானே பார்க்க?" என்றது காற்று. ஆற்றைக் கேட்டது. "நான் திரும்பிப் பார்க்கிறதே இல்ல" என்றது ஆறு. பெரிய இடத்துச் சாட்சிகள் என்றைக்குத்தான் வாய் திறந்தன! ஊரார் முத்துவடிவைப் பார்த்த பார்வை மாறியது.

ஜெயித்துவிட்டோம் என்ற மிதப்பில் சுடலையாண்டி அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. எரிந்த காட்டிலிருந்து ஒரு கை கரியை அள்ளி, இடுப்பளவு நீரில் இறங்கி, எல்லாரும் கேட்கச் சத்தியம் செய்தார்.

"கடலம்மா! என் கையால இந்தக் காட்டுல எப்பவாச்சும் தீ பட்டிருந்தா, இந்தக் கரியும் சரி, இனி உலகத்துல எரியுற எந்தக் கரியும் சரி, உன்கிட்ட கரையாமக் கிடக்கட்டும்!"

கரியை விட்டார். அது கரையவில்லை. கல்லைப் போல நேரே அடியில் போய் உட்கார்ந்தது. கரி ஊறிக் கரைய எப்போதும் நாளாகும் என்பதால் ஊரார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போது இதுவரை யாரும் மதித்துப் பேசாத சேறு, கடலுக்கு அடியிலிருந்து பேசியது. "என்னை யாரும் கேக்கல. கேட்டா, என்கிட்ட அடுக்கடுக்கா கிடக்கிறதை எடுத்துக் காட்டுவேன்."

ஊரார் சிரித்தார்கள். முத்துவடிவு சிரிக்கவில்லை. வீட்டுக்கு ஓடித் தன் மூங்கில் ஊதாங்குழலை எடுத்து வந்து ஆமையிடம் கொடுத்தாள். ஆமை அதை அடியில் கொண்டுபோய்ச் சேற்றில் செங்குத்தாக அழுத்தி, நிறைத்து, மேலே கொண்டு வந்தது. மூங்கிலை நீளவாக்கில் பிளந்தார்கள். உள்ளே, கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி அடுக்குகள்.

"மழைக்கு ஒரு வெள்ளை வண்டல், தீக்கு ஒரு கறுப்பு," என்றது சேறு. "முதல்ல வந்தது அடியில, பிறகு வந்தது மேல. என்கிட்ட யாரும் யாரையும் முந்த முடியாது. மேல கிடக்கிறது இந்தக் கோடை. அதுக்குக் கீழ, கடல் இன்னும் கரைச்சு முடிக்காத பழைய கறுப்பு எத்தனைன்னு நீங்களே பாருங்க. அப்போ இந்தப் பொண்ணு இந்த ஊருக்கே வரல."

ஆமை ஒவ்வொரு கறுப்பையும் கிளறியது. ஒவ்வொன்றிலும் கரியோடு சுட்ட சிப்பித் துண்டு. அந்தக் கரையில் சிப்பி சுடுகிற காளவாய் ஒன்றுதான்.

சுடலையாண்டி கடலைப் பார்த்துக் கும்பிட்டார். "தெரியாமச் சொல்லிட்டேன் தாயி. அதைக் கரைச்சிரு. காடு முழுக்க நானே நட்டுத் தாரேன்."

"நடு. அது உன் கடமை," என்றது கடல். "ஆனா சத்தியம் பண்ணினவன் நீ, கட்டுப்பட்டவ நான். இனி கரியை நான் தொட மாட்டேன்."

அவர் காளவாயை அணைத்துவிட்டு ஊரைவிட்டுப் போனார். போகும் முன் கரை நெடுக அலையாத்திக் கன்றுகளை நட்டுவிட்டுத்தான் போனார். முத்துவடிவு அதே ஊரில் பிள்ளை பெற்றாள்.

கடல் இன்றும் எல்லாவற்றையும் கரைக்கிறது, கரியை மட்டும் சேற்றிடம் கொடுத்துவிடுகிறது. எந்த மலையில் காடு எரிந்தாலும், எந்த ஊரில் புகை எழுந்தாலும், ஆறும் காற்றும் கொண்டு வரும் கரி என்றைக்கும் கரையாமல் அடியில் அடுக்கடுக்காகப் படிந்து கிடப்பது அந்தச் சத்தியத்துக்குப் பிறகுதான். குழாயை இறக்கிச் சேற்றை எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அது ஒளிக்காமல் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிற, எல்லாவற்றையும்விடத் தடித்த கறுப்பு நம்முடையது.