ஏழு தாவல்

அந்தக் காலத்துல எறும்புக்கும் வாய் இருந்துச்சு, தவளைக்கும் வாய் இருந்துச்சு. இப்பவும்தான் இருக்கு. ஆனா அப்ப பேசுறதுக்கும் வச்சிருந்துச்சுங்க.

கம்மாக்கரைக்குக் கீழ, பள்ளத்துல ஒரு எறும்புப் புத்து. அதுக்கு வாசக்காவல் கடுத்தாயி. அவளுக்கு ஒருத்தர் மேலயும் நம்பிக்கை கிடையாது. சொந்த நிழல் பின்னால வந்தாலே, "நீ எதுக்கு வர்ற"ன்னு திரும்பி நின்னு கேப்பா.

அவ சந்தேகத்துலயும் ஒரு நியாயம் இருந்துச்சு. மழை வாசம் அடிச்சா பள்ளத்து முட்டையெல்லாம் மேட்டுப் புத்துக்கு ஏறணும். அதுக்கு முன்னாடியே எத்தனை முட்டைன்னு மேட்டுக்குச் சொல்லிவிடணும். முட்டைக்கு ஒரு குழி, அவுக தோண்டி வைப்பாக. சொல்லிவிடுறது எப்படின்னா, ஒரு எழுத்துக்கு ஒரு எறும்பு. ஆளுக்கு ஒரு இலைத்துண்டுல ஒரு எழுத்தைக் கீறித் தூக்கிக்கிட்டு வரிசையாப் போவாக. போன வருசம் அப்படிப் போனதுல ரெண்டு சைபர் போய்ச் சேரல. ஒண்ணு வழியில சிந்திக் கெடந்த கருப்பட்டியைக் கண்டு ஒதுங்கிருச்சு. இன்னொண்ணு பல்லி வாயில போயிருச்சு. மூணு கோடி முட்டைக்கு மூணு லட்சம் குழி. மிச்சத்தை மழை அள்ளிட்டுப் போச்சு. கடுத்தாயி வாசல்ல நின்னு அதைப் பாத்துக்கிட்டிருந்தா.

இந்த வருசம் முட்டை மூணு கோடியே அறுபது லட்சம். ஒரு மூணு, ஒரு ஆறு, பின்னாடி ஆறு சைபர். எட்டுப் பேரு கெளம்பி நிக்கிறாக. அப்பத்தான் சொறியாண்டி வந்தான். தவளைதான். மேலெல்லாம் சொறி, அதான் அந்தப் பேரு.

"மதினி, எட்டுப் பேரு எதுக்கு? ஒருத்தி போதும்" அப்படின்னான்.

"யாருக்கு யாருடா மதினி? எங்காளுகளை நக்குற நாக்கு, முறை வேற கொண்டாடுதாக்கும்?"

"கேளு மதினி. மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளி நான்னு வச்சுக்க. பக்கத்துல ஏழுன்னு போடு. அது நான் தாவுற தாவல். ஒரு தாவலுக்குப் பத்து மடங்கு. மேட்டுல இருக்கிறவ புள்ளியை ஏழு தடவை வலது பக்கம் தாவவிட்டு, காலி எடத்துல சைபரைப் போட்டா முழு எண்ணும் வந்துரும். எல்லாம் ஒரே இலையில அடங்கிரும். வழியில காணாமப் போக சைபரே இல்ல."

"இதுல உனக்கு என்ன லாபம்?"

"உங்க முட்டையெல்லாம் தண்ணியில போயிட்டா அடுத்த வருசம் நான் எதைத் திங்கிறது?"

புத்துக்குள்ள இருந்து கேட்ட எறும்பு ராணிக்கு அந்தப் பதில் பிடிச்சுப்போச்சு. ஒளிவுமறைவு இல்லாத அயோக்கியன்னு சிரிச்சா. இலை ரெடியாச்சு: மூணு, புள்ளி, ஆறு, பக்கத்துல ஏழு. தூக்கிட்டுப் போறதுக்கும், தாவல் முறையை மேட்டுல சொல்லிக் குடுக்கிறதுக்கும் ராக்காயி.

வாசல்ல கடுத்தாயி அவளை நிறுத்துனா. "இலையைக் காட்டுடி."

காட்டுனா. கடுத்தாயி உக்காந்து எண்ணுனா. முழு எண்ணுல கடைசியில இருக்கிற சைபர் எத்தனை? ஆறு. இலையில என்ன போட்டிருக்கு? ஏழு. மறுபடியும் எண்ணுனா. ஆறுதான். அவளுக்குக் கொம்பு ரெண்டும் வெறைச்சுப்போச்சு. ஒரு தாவல் கூடுனா பத்து மடங்கு. முப்பத்தாறு கோடி குழி தோண்டுவாளுக. காலியாக் கெடக்கிற குழியெல்லாம் யாருக்கு? சொறியாண்டியும் அவன் பங்காளிகளும் உள்ள குடியேறி, வீட்டுக்குள்ள இருந்தே நாக்கை நீட்டவா?

"நான் தூங்குறேன்னு நெனச்சான் பாரு"ன்னு ஏழுங்கிற எழுத்தைக் கடிச்சு எடுத்துட்டு, அந்த எடத்துல ஆறுன்னு கீறிவிட்டா. யாருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா அவுகளும் கூட்டாளியா இருந்துட்டா?

மத்தியானம் மேகம் கருத்துச்சு. முட்டையைத் தூக்கிக்கிட்டு வரிசை கெளம்புச்சு. பாதித் தூரத்துல வரிசை நின்னு போச்சு. மேல இருந்து ராக்காயி இறங்கி ஓடியாறா.

"எடம் நெறஞ்சுபோச்சு அக்கா. முப்பத்தாறு லட்சம் குழிதான் தோண்டியிருக்காக. இலையில அவ்வளவுதான் இருந்துச்சாம்."

பத்துல ஒரு முட்டைக்குத்தான் எடம். மிச்சம் ஒம்பதும் நடுவழியில நிக்குது.

சொறியாண்டி தத்தித் தத்தி வந்தான். "நான் ஏழுன்னுல்ல சொன்னேன்?"

"சைபர் ஆறுதானேடா இருக்கு?" அப்படின்னா கடுத்தாயி.

"சைபரை யாரு எண்ணச் சொன்னா? என் தாவலை எண்ணு. அந்த எட்டுப் பேரையும் நிக்கச் சொல்லு."

எட்டுப் பேரும் வரிசையா நின்னாக. கடைசி சைபரா நின்னவ வீராயி. சொறியாண்டி மூணுக்கும் ஆறுக்கும் நடுவுல குந்துனான். முதல் தாவல், ஆறைத் தாண்டுனான். "இது ஒண்ணு. ஆறு மட்டும் என்ன, எனக்குப் பாதை விட்டா நிக்குது? அதையும் தாவித்தான் ஆகணும்." அப்புறம் சைபர் சைபரா ஆறு தாவல். வீராயி பக்கத்துல போய்ப் பொத்துன்னு குந்துனான். ஏழு.

முதல் துளி கடுத்தாயி தலையில விழுந்துச்சு.

"அழிச்சது நான்தான்" அப்படின்னா அவ. மேட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்ல. முன்னால நின்ன எறும்பு தலையில தலையை முட்டுனா. "ஏழு தாவல். மேல சொல்லு." அது அடுத்ததை முட்டுச்சு. அது அதுக்கு அடுத்ததை. முட்டி முட்டியே சேதி மேட்டுக்கு ஏறிருச்சு. மேல இருந்தவ, கீழ இருந்தவ, எல்லாரும் விழுந்து தோண்டுனாக. கடைசிக் குவியல் முட்டைக்கு மேல சொறியாண்டி வயித்தை விரிச்சுக் குடை மாதிரி குந்திக்கிட்டான். மழை அவன் முதுகுல அடிச்சுச்சு.

கடுத்தாயி அவன் வாய்க்கு நேரா காவல் நின்னா. "வாயைத் திறந்த, கடிச்சுப்புடுவேன்."

"ம்" அப்படின்னான்.

"ஒரு முட்டை கொறைஞ்சாலும் விடமாட்டேன்."

"ம்ம்."

இம்புட்டு அடக்கமா இவன் இருந்து அவ பாத்ததே இல்ல. அதுவே அவளுக்கு உறுத்துச்சு.

மழை விட்டுச்சு. கடைசி முட்டையும் குழிக்குப் போயிருச்சு. மேல இருந்து சேதி வந்துச்சு: மூணு புள்ளி ஆறு, ஏழு தாவல், சரியா இருக்கு. எல்லாரும் கூத்தாடுனாக. கடுத்தாயி மட்டும் அந்த எட்டுப் பேரைப் பேரு சொல்லிக் கூப்புட்டா. ஏழு பேருதான் வந்தாக. வீராயியைக் காணோம்.

திரும்பிச் சொறியாண்டியைப் பாத்தா. தொண்டை ஏறி ஏறி இறங்குது.

"தொண்டையில என்னடா?"

"எச்சி."

"எச்சி நடக்குமாடா?"

சொறியாண்டி ஒரு முழுங்கு முழுங்கிட்டு, நெதானமா வாயைத் திறந்தான். "மதினி, உங்க கூட்டம் எத்தனை பேரு? நாலு புள்ளி ரெண்டு, ஆறு தாவல். நாப்பத்திரெண்டு லட்சம். ஒருத்தி கொறைஞ்சா அதுல எந்த எழுத்து மாறப் போகுது, சொல்லு பாப்போம்."

சொல்லிட்டுக் கம்மாய்க்குள்ள குதிச்சுட்டான்.

கடுத்தாயி ஒரு இலையில அந்தக் கணக்கைக் கீறிப் பாத்தா. ஒரு எழுத்தும் மாறல. கணக்கு சரியாத்தான் இருந்துச்சு. அதுதான் அவளுக்கு வயித்தெரிச்சல். சுருக்கி எழுதுன இலையில கோடி அடங்குது, ஒரு வீராயி அடங்க மாட்டேங்குறா.

"கோடியை இலை பாத்துக்கட்டும். ஒத்தை ஆளை நாமதான் பாக்கணும்"னு அவ வாசல்ல நின்னு சொல்லிவிட்டா.

அன்னையில இருந்துதான், எதுக்க ஒரு எறும்பு வந்தா, எம்புட்டு அவசரமா இருந்தாலும் எறும்பு நின்னு, தலையோட தலையை முட்டி, "எத்தனை தாவல்? நீ இருக்கியா?"ன்னு கேட்டுட்டுத்தான் நகருது.