பச்சைக் கோடு போன வழி

பழைய குண்டு டிவிகளை, பழைய வீடியோ கேம் ஆடுவதற்கு ஏற்றபடி மாற்றித் தருபவள் ஷாமிலி. எந்த டிவியைத் திறந்தாலும் முதலில் அதைச் செய்தவர்களுக்கு ஒரு நன்றி சொல்வாள். பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பாள்.

அவளிடம் தொழில் பழகிய சாரங்கபாணி, பள்ளியில் அவளுக்குக் கணக்கு நடத்தியவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், வாதாடுவதிலிருந்து பெறவில்லை.

அன்று தனியாக ஒரு டிவியை முடித்திருந்தார். கேம் பெட்டியைச் செருகியதும், கலங்கிக் கிடந்த எழுத்தெல்லாம் பளிச்சென்று நின்றது.

"இவனுங்களுக்கா நன்றி சொல்றே? நிறங்களைத் தனித்தனியா வாங்கிக்க உள்ளே நல்ல வழி இருந்திருக்கு. சத்தம் வைக்கும்போது ஓடுமே பச்சைக் கோடு, அதுக்கு மட்டும் விட்டிருக்கான். நமக்கு மங்கல் படம். அநியாயம்மா."

"நீங்க எந்த வழியா போனீங்க சார்?"

"அதே வழிதான். கோட்டோட ஒயரை வெட்டிட்டு நம்ம ஒயரை வச்சேன்."

"அப்ப கோடு?"

"வராது. யாருக்கு நஷ்டம்? சத்தம்தான் காதுல கேக்குதே."

"டிவிக்குச் சொந்தக்காரர் மாடி ஏறி வர்றார். அவரையே கேளுங்க."

ரஃபீக் மகளோடு வந்தார். திரையில் ஓடிய வசனத்தை உதடசைத்துப் படித்தார். "எல்லா எழுத்தும் தெரியுதும்மா," என்று மகளின் தோளை அழுத்தினார்.

பிறகு ரிமோட்டை எடுத்து, திரையின் அடியைப் பார்த்தபடியே சத்தத்தைக் கூட்டினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும். அறை அதிர்ந்தது. கீழே டீக்கடையிலிருந்து யாரோ கத்தினார்கள். மகள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் 'குறைங்க அத்தா' என்று சைகை காட்டினாள்.

ரஃபீக்கின் முகம் சுருங்கிப்போனது.

"கோடு வரலையே சார். எனக்குக் காது கேக்காது. புள்ளைக்குச் சத்தம் வேணும், கீழ் வீட்டுக்குக் கூடாது. கோட்டைப் பார்த்துத்தான் வைப்பேன். போன வீட்டைச் சத்தத்தாலதான் காலி பண்ணச் சொன்னாங்க."

சாரங்கபாணி அவரைக் கையமர்த்தி உட்காரச் சொன்னார். டிவியை அணைத்து, படக்குழாயில் தங்கிய மின்சாரத்தை இறக்கினார். பின்பு உள்ளே குனிந்து யாருக்கோ ஏதோ முணுமுணுத்தார். ஷாமிலி கேட்காதவள் போல இருந்தாள். வெட்டிய ஒயரைச் சேர்த்து, கோடும் கேமும் ஒரே வழியில் போகும்படி பற்றவைத்தார்.

ஆட்டத்தின் மேலேயே பச்சைக் கோடு ஓடியது. ரஃபீக் அதைக் கால்வாசியில் நிறுத்தினார். மகள் தலையாட்டினாள். அவர் சாரங்கபாணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அவர்கள் போனதும் சாரங்கபாணி மறுபடி ஆரம்பித்தார்.

"சரி, நானும் நன்றி சொல்லிட்டேன். ஆனா கணக்கு இடிக்குது. கோடு வச்சவனுக்கு ரஃபீக் யாருன்னே தெரியாது. அவருக்காகவா வச்சான்?"

"ஏழாவதுல எனக்குப் பின்னம் புரியுற வரைக்கும் விடாம சொல்லிக்குடுத்தீங்க," என்றாள் ஷாமிலி. "இந்தக் கடைக்காகவா சார்?"